சேரின் கால் எந்த வகைக் கூற்று?

கூற்றுப் பிரிக்கிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீடு எரிகிறது என்று நீங்கள் ஓடிவந்து சொன்னால் அவர் வாளியைத் தேடமாட்டார். நீங்கள் சொன்னது முடிவா, முடிவுக்கு ஆதாரமா, அல்லது மறுப்பதற்காகவே முன்னால் எடுத்து வைத்த வேறொருவரின் கருத்தா என்று தேடுவார். கண்டுபிடித்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் வந்ததும் பரவுமே, அந்த நிம்மதி. வீடு அதுபாட்டுக்கு எரியும்.

இந்த இனம் அலுவலகங்களிலும், ஆலய சபைகளிலும், சங்கக் கூட்டங்களிலும், பெண் பார்க்கப் போன வீடுகளிலும்கூடத் தாராளமாகக் காணப்படும். எல்லாரையும் வர்ணிக்க எனக்குப் பொறுமை கிடையாது. நன்றாக வளர்ந்த ஒருவரை மட்டும் காட்டுகிறேன். அவரைப் பார்த்தால் மற்றவர்களைப் பார்த்த மாதிரி.

உக்குவளையில், ரயில் பாதைக்கு மேலே உள்ள ஏற்றத்தில் வாத்தியார் ஒஸ்வல்ட் சேரின் வீடு. முன் விறாந்தையில் பிள்ளைகள் உட்கார இரண்டு வாங்கு, ஒரு கரும்பலகை. சனி, ஞாயிறுகளில் ஆசிரியர் நியமனப் போட்டிப் பரீட்சைக்கு அங்கே வகுப்பு. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும். நான் சொல்வது தொண்ணூற்றெட்டாம் வருடம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுவதா, சோக்கட்டியைக் கையில் எடுப்பதா என்பதை ஒரு வினாத்தாள் தீர்மானித்த காலம். அந்த வினாத்தாளில் ஒரு பகுதி இப்படி வரும்: ஐந்து வாக்கியங்களில் ஒரு சின்ன வாதம் இருக்கும். அதில் மூன்றாவது வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்று கேட்பார்கள். முடிவா? எடுகூற்றா, அதாவது முடிவைத் தாங்கும் ஆதாரமா? மறுக்கப்படும் கருத்தா? வெறும் பின்னணித் தகவலா? சரியானதற்குக் கீழே கோடிட வேண்டும்.

சேர் இதைச் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. வருடத்துக்கு ஐந்தாறு பேர் அந்த வாங்கிலிருந்து எழுந்து ஆசிரியர்களாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அவருடைய முதற் பாடம் எப்போதும் ஒன்றுதான்.

"வாக்கியம் உண்மையா பொய்யான்னு பார்க்காதீங்க. அது ஒங்க வேலை இல்ல. அது அந்த எடத்துல என்ன வேலை செய்யுதுன்னு மட்டும் பாருங்க."

பரீட்சைக்கு அருமையான அறிவுரை. அதைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. சேர் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்.

"அரிசி முடிஞ்சிருச்சி," என்பார் அவருடைய மனைவி மரிய கொறற்றி.

"அது எடுகூற்று. முடிவு என்ன?"

"முடிவு, இன்னைக்கி நீங்க பட்டினி."

"நேரடியா வரல்லியே கொறற்றி. நடுவுல ஒரு எடுகூற்று மறைஞ்சிருக்கு."

"அது கடையில மறைஞ்சிருக்கு. பையை எடுத்துக்கிட்டுப் போய் வாங்கிட்டு வாங்க."

போவாரா? "பையை எடுத்துக்கிட்டு" என்ற பகுதியின் பங்கு என்ன என்று யோசித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிடுவார். கொறற்றிதான் போவார்.

இந்த இனத்துக்கு மூன்று வசனங்கள் போதும். அவற்றை வைத்தே ஓர் ஆயுளை ஓட்டிவிடலாம். "அது ஒங்க முடிவு" என்றால், எனக்கு அதில் சம்பந்தமில்லை என்று அர்த்தம். "அது பின்னணித் தகவல்" என்றால், மனைவி பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்று அர்த்தம். "அதை மறுக்கப்படும் கருத்தா எடுத்துக்கலாம்" என்றால், யார் மறுத்தார்கள், எப்போது மறுத்தார்கள் என்று கேட்கக் கூடாது, மறுத்தாகிவிட்டது. இத்தனைக்கும் சேர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. யாரையும் ஏசமாட்டார். நீங்கள் சொன்னதை மிகவும் கவனமாகக் கேட்பார். உலகத்தில் அவரைப்போலக் கவனமாகக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்க வேறு ஒருவரால் முடியாது.

ஓகஸ்ட் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் கொறற்றி பக்கத்து வீட்டில் இருக்கிற என் வாசலில் வந்து நின்றார்.

"மிஸ்ஸி, ஒருக்கா வீட்டுக்கு வாங்க. மேசைக்குக் கீழ எலி செத்துக் கெடக்குன்னு ரெண்டு நாளாத் தேடுறேன். எலி இல்ல. இவரு காலு."

நான் மிஸ்ஸி, அதாவது தாதி, அல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் காயத்துக்கு மருந்து கட்டியவள். பிறகு கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லத்தில், படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். ஊரில் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறார்கள். திருத்தப் போனால் நேரம் போகும் என்று விட்டுவிட்டேன்.

சேர் விறாந்தையில் இருந்தார். இடது காலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தேன். சின்னவிரல் கறுத்துவிட்டது. அதற்கு அடுத்த விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் அழுத்தினால் நீர் வந்தது. மணத்தைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. எலி தேடியதாகக் கொறற்றி சொன்னாரே.

"எப்ப இருந்து சேர்?"

"வஹகோட்டைத் திருவிழாவுக்குப் போன அன்னைக்கி. புதுச் சப்பாத்து கடிச்சிருச்சி."

திருவிழா ஜூனில். ஏழு கிழமைக்கு மேல்.

"வலிக்கல்லியா?"

"இல்லியே. வலி இல்லாட்டி காயம் பெருசில்லன்னு தானே அர்த்தம்."

"சீனி வருத்தக்காரருக்குக் காலு மரத்துப் போயிரும். வலி வராததுதான் ஆபத்து. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அது முடிவு," என்றார் சேர் மிகவும் மரியாதையாக. "எடுகூற்று?"

எனக்குச் சுருக்கமாகப் பேசித்தான் பழக்கம். என்றாலும் சொன்னேன். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருக்கிறது. விரல் கறுத்துவிட்டது. அழுகல் மணம் வருகிறது. இரண்டு நாள் பிந்தினால் விரலோடு போகும், இரண்டு கிழமை பிந்தினால் பாதம் போகும், அதற்கும் பிந்தினால் முழங்காலுக்குக் கீழே எதுவும் இருக்காது. அப்படிப் போனவர்களை நானே குளிப்பாட்டியிருக்கிறேன். சேர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு வந்தார். கைவிரலை.

"முதல்ல முடிவு, அதுக்குப் பிறகு மூணு எடுகூற்று, கடைசியா ஒரு எச்சரிக்கை. நல்ல அமைப்பு மிஸ்ஸி. படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பீங்க."

"போவோமா?"

"எங்க?"

சொன்னது எல்லாமே புரிந்த ஒரு மனிதரிடம் அதற்கு மேல் என்ன சொல்லி விளங்கவைப்பது? மருந்து கட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாளும் போனேன். அடுத்த நாளும்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வகை பிரிப்பது என் தொழிலிலும் உண்டு. படுக்கையில் கிடக்கிற ஆள் "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றால், அது பசியின்மையா, கோபமா, விரிப்பு நனைந்துவிட்ட வெட்கமா என்று பிரிக்கத் தெரியவேண்டும். பெரும்பாலும் விரிப்புத்தான். ஆனால் பிரித்ததும் நாங்கள் விரிப்பை மாற்றுவோம். பிரித்தது சரி என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகமாட்டோம்.

சனிக்கிழமை வகுப்பு நடந்தது. நான் உள் வாசலில் பஞ்சும் மருந்துமாகக் காத்திருந்தேன். சேர் காலைத் துணிக்கட்டோடு ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். முன் வாங்கில் இருந்த பிள்ளைகள் கைலேஞ்சியால் மூக்கைத் துடைப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் தடிமன் வருமா? மரியாதை, அவ்வளவுதான். சொந்தமாக ஒரு வாதம் எழுதி அதிலிருந்து ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்பது அன்றைய பயிற்சி. எல்கடுவைத் தோட்டத்து அஞ்சலா எழுந்து போனாள். அவள் தாய் கொழுந்தெடுக்கிறவர். அவளுக்கு இது இரண்டாவது முறைப் பரீட்சை. வயதெல்லை காரணமாகக் கடைசி முறையும்கூட. சேருக்கு ஏதாவது நடந்தால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் கிடையாது. சோக்கட்டியை எடுத்து நிதானமாக எழுதினாள்.

"சேருக்குச் சீனி வருத்தம் உண்டு. சேரின் கால்விரல் கறுத்துவிட்டது. வலி இல்லாததால் ஆபத்து இல்லை என்று சிலர் கூறுவர். ஆனால் சீனி வருத்தம் உள்ளவருக்கு வலி தெரியாமல் போகும். ஆகவே சேர் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கேள்வி: மூன்றாவது வாக்கியத்தின் பங்கு என்ன?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். அவருடைய கண் கலங்கியது. நான் பார்த்தேன். முடிந்தது காரியம், ஆஸ்பத்திரிக்குப் புறப்படப் போகிறார் என்று பஞ்சைப் பைக்குள் வைத்தேன்.

"மறுக்கப்படும் கருத்து," என்றார் சேர். "இருவது வருசமாப் படிப்பிக்கிறேன். இவ்வளவு சுத்தமா ஒரு கேள்வி நான்கூட எழுதினதில்ல. பத்துக்குப் பத்து. எல்லாரும் கொப்பியில எழுதிக்கங்க."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சேர் பலகையைத் துடைக்கச் சொன்னார். அடுத்த ஆள் யார்?

வகுப்பு முடிந்ததும் அஞ்சலா என்னிடம் வந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

"சேர் ஏசுவாருன்னு பயந்துகிட்டே எழுதினேன் மிஸ்ஸி. பாராட்டிட்டாரு."

"ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும் பிள்ளை."

"இனி என்ன செய்றது?"

நான் பஞ்சை மறுபடி பையிலிருந்து எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சேர் மாத்தளைக்குப் புறப்பட்டார். எதற்கு? வினாத்தாள் போட்டோ கொப்பி அடிக்க. அஞ்சலாவின் கேள்வியையும் அதில் சேர்த்திருந்தார். நானும் ரவூப் நானாவின் த்ரீவீலரில் ஏறிக்கொண்டேன். மருந்துத் துணி வாங்கவேண்டும் என்பது சாட்டு. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் கொப்பிக் கடைக்குப் போகவேண்டும் என்பது காரணம். ஏறும்போதே ரவூப் நானா என் காதருகில் சொன்னார்:

"மிஸ்ஸி, மாஸ்டர்ட காலு ஒருக்கா ஏறி எறங்கினா, ரெண்டு நாளைக்கி ஆளுகள் என்ட வண்டியில ஏறுறாங்க இல்ல. அத்தர் பூசியும் பாத்துட்டேன்."

"அப்ப வழியில ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க."

"மாஸ்டர் சொல்லாம எப்பிடித் திருப்புற? எனக்கு எழுத்துப் படிப்பிச்ச மனுசன்."

போகும் வழியில் நான் கடைசியாக ஒருமுறை முயன்றேன். சேர் வெளியே பார்த்துக்கொண்டு, "நீங்க இப்ப சொன்னது புது எடுகூற்று இல்ல மிஸ்ஸி. பழசத் திரும்பச் சொன்னா வாதத்துக்குப் பலம் கூடாது," என்றார். பிறகு அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல வசனமாம்.

மாத்தளைக்குள் நுழையுமுன் ஒரு சோதனைச் சாவடி. போர் நடந்த அந்த வருடத்தில் கண்டி வீதியில் சாவடி இல்லாத இடம் எது? மணல் மூட்டை, குறுக்கே ஒரு மரக்கட்டை, ஒரு சிப்பாய். இருபது வயது இருக்கும். மீசை இன்னும் சரியாக முடிவெடுக்கவில்லை. த்ரீவீலரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"பஹின்ன."

இறங்கு என்று சிங்களத்தில் சொன்னான், அவ்வளவுதான். நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் சேர் இறங்கிவிட்டார். அந்தக் காலை நிலத்தில் ஊன்றி, நிமிர்ந்து நின்று, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார். ஏன் இறங்கவேண்டும் என்று கேட்டாரா? இல்லை. நீ சொன்னது முடிவு தம்பி, ஆதாரம் எங்கே என்று கேட்டாரா? இல்லை. சிப்பாய் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான்.

"நகின்ன."

ஏறு என்றான். ஏறினார்.

நான் யோசித்தேன். இந்த மனிதரின் மனைவி நாள் தவறாமல் காரணம் சொன்னார். நான் என் தொழில் முழுவதையும் காரணமாகச் சொன்னேன். ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுதியே காட்டியது. காரணம் சொல்லப்பட்ட இடத்தில் எல்லாம் சேர் வாத்தியார், மார்க் போடுவார். காரணமே சொல்லாத ஒருவனுக்கு முன்னால்தான் அவர் எல்லாரையும்போல ஒரு தமிழன். அவருடைய முதற் பாடத்திலேயே இன்னொரு வரியும் உண்டு: கட்டளை ஒரு கூற்று அல்ல, அதை வகை பிரிக்க முடியாது. அந்த வரியை நான் என் வாசலில் இருந்தபடி பல தடவை கேட்டிருக்கிறேன். மண்டையில் ஏற ஒரு சிப்பாய் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது.

"நானா, நிப்பாட்டுங்க."

நானா நிறுத்தினார். நான் முதுகை நிமிர்த்தி, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, குரலில் ஒரு பொட்டு இரக்கமும் கலக்காமல் சொன்னேன்:

"பஹின்ன."

சேர் இறங்கினார். கையில் அடையாள அட்டை. எங்கே நிற்கிறோம் என்று அவர் சுற்றிப் பார்ப்பதற்குள் நானும் இறங்கி, "போங்க நானா," என்று வண்டியை அனுப்பிவிட்டேன். வெளிநோயாளர் பகுதிக்குப் போய், வாங்கைக் காட்டி, "வாடிவென்ன" என்றேன். உட்கார்ந்தார். காலை நீட்டச் சொன்னேன். நீட்டினார். தாதி வந்து துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தள்ளுகதிரை கொண்டுவர ஓடினார். அப்போதுதான் சேருக்கு நிதானம் வந்தது.

"மிஸ்ஸி," என்றார் மெதுவாக, "எனக்கிட்ட நீங்க சிங்களத்தில ஏன் பேசினீங்க?"

"அது பின்னணித் தகவல் சேர்."

எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. ஒரு மனிதரைக் காப்பாற்ற அவருடைய பயத்தைப் பிடித்து இழுக்கவேண்டி வந்தது. அன்பாகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அன்பாகச் சொன்னதைத்தான் அத்தனை நாளும் அவர் வகைப்படுத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு விரல் போனது. பாதம் தப்பியது. இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் பாதத்தையும் எடுத்திருப்பேன் என்றார் டொக்டர். "நடக்காத நிபந்தனையில இருந்து ஒண்ணும் நிரூபிக்க ஏலாது," என்றார் சேர், மயக்கம் முழுதாகத் தெளிவதற்கு முன்பே.

மூன்றாம் நாள் கொறற்றி ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். கட்டிலருகில் நின்று கட்டுப்போட்ட காலைச் சிறிது நேரம் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க. அந்த ரெண்டு வெரலும் என்ன? எடுகூற்றா, முடிவா?"

சேரும் பார்த்தார். முதன்முறையாக அவருக்கு விடை உடனே வரவில்லை. கண் ஓரத்தில் வந்ததைத் தலையணையில் துடைத்துக்கொண்டார். மற்றக் கட்டில்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"குடிங்க," என்றார் கொறற்றி.

குடித்தார். கொறற்றி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, கட்டளையின் வித்தையை அவராகவே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் "அரிசி முடிஞ்சிருச்சி" என்ற பேச்சு இல்லை. "அரிசி வாங்கிட்டு வாங்க" என்ற பேச்சுத்தான். சேர் நொண்டிக்கொண்டே வாங்கிவருகிறார்.

திருந்திவிட்டாரா? இந்த இனம் திருந்தாது. ஊன்றுகோலோடு வகுப்புக்குத் திரும்பினார். அஞ்சலா பரீட்சை எழுதித் தேறி, எல்கடுவைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனாள். அவளுடைய கேள்வி இன்னும் சேரின் மாதிரி வினாத்தாளில் இருக்கிறது, பதினேழாவது கேள்வியாக. "சேர்" என்பதை மட்டும் "ஒருவர்" என்று மாற்றியிருக்கிறார். யாராவது பிழையாக எழுதினால், இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இதுகூட விளங்கவில்லையா என்று கேட்கிறாராம்.

இவ்வளவு நேரமும் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உக்குவளையில் ஓர் ஆள் என்று தள்ளியும் வைத்துவிட்டீர்கள். அதற்கு என்ன பெயர்? கொஞ்சம் யோசியுங்கள். போன கிழமை உங்கள் வீட்டில் ஒருவர், "எனக்கு என்னமோ ஏலாம இருக்கு," என்றார். "அவங்க எப்பவும் இப்படித்தான் சொல்லுவாங்க," என்றீர்கள். வகை பிரித்தாகிவிட்டது. விடையும் சரியாகவே இருக்கலாம். பத்துக்குப் பத்துக்கூடப் போடலாம். அவர் இன்னும் அதே கதிரையில்தான் இருக்கிறார்.

இப்போதும் பாருங்கள். இது உதாரணம், இது படிப்பினை, கடைசியில் வருவது வழக்கமான எச்சரிக்கை என்று மனதுக்குள் கோடிடத் தொடங்கிவிட்டீர்கள். எனக்கு வாதாட நேரமில்லை. இன்னும் இரண்டு வீட்டில் மருந்து கட்டவேண்டும்.

புத்தகத்தை வையுங்கள். எழும்புங்கள். அந்தக் கதிரைக்குப் போங்கள்.